அன்பு கட்டளையாகுமா?

பிறரையும் தன்னைப் போலவே நேசிக்க வேண்டும் என்று கிறிஸ்தவ மதம் விதிக்கும் தர்மம் மேடைக்கு அழகேயன்றி வாழ்க்கைக்கு ஆகாது என்னும் அபிப்பிராயம், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் படித்தவர்கள் கூடிப் பேசும் இடங்களில் ஏறக்குறைய முடிந்த முடிபாகவே வழங்கி வருகிறது. அதற்கு அவர்கள் காட்டும் காரணங்கள் நான்கு: அன்பு கட்டளைக்குப் பிறப்பதன்று, அன்பின் பெயரால் நடக்கும் பணி மதமாற்றத்துக்குப் போடும் தூண்டில், போதிப்பவர்களே அதைக் கைக்கொள்வதில்லை, சர்க்கார் இருக்கையில் தனிமனிதரின் தயவு எதற்கு? இவற்றை வரிசையாகவே பரிசீலிக்கலாம்.

முதல் ஆட்சேபம், அன்பு என்பது மனத்தில் ஊறும் கனிவு மட்டுமே என்று கொள்வதனால் எழுவது. லூக்கா சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியன் ஒருவனுக்கு உதவிய சமாரியன் கதையோ, அவன் மனம் உருகியதை ஒரு சொல்லில் முடித்துவிட்டு, எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டியதையும், அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்ததையும், மறுநாள் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிச் சென்றதையும் விரித்துரைக்கிறது. உணர்ச்சியைக் கட்டளையிட முடியாதுதான், செய்கையைக் கட்டளையிடலாம். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்த ஐடா ஸ்கடர், இந்தியாவில் தங்குவதில்லை என்ற உறுதியோடிருந்த அமெரிக்க யுவதி. ஓரிரவில் ஒரு பிராமணரும் ஒரு முஸ்லிமும் ஒரு முதலியாரும் பிரசவ வேதனைப்படும் தம் மனைவியருக்கு உதவி கேட்டு ஒருவர்பின் ஒருவராக வந்து, மருத்துவரான அவர் தந்தையை ஆண் என்பதால் ஏற்க மனமின்றித் திரும்பிப்போக, அப்பெண்கள் மூவரும் மாண்டுபோன செய்தி காலையில் வந்தது. அதன் பிறகே அவர் தம் விருப்பத்துக்கு மாறாக வைத்தியம் கற்கச் சென்று, 1900இல் வேலூரில் ஒரே படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். விருப்பம் முந்தி வரவில்லை. கடமையே முந்தி வந்தது.

இரண்டாவது ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிடக் கூடாது. சோற்றையும் மருந்தையும் காட்டி விசுவாசத்தை விலைபேசியவர்கள் இருந்திருப்பின், அவர்கள் கண்டிக்கத் தக்கவர்களே. ஆயினும் அக்கண்டனத்துக்கு வேண்டிய அளவுகோல் அந்தக் கதையிலேயே இருக்கிறது: சமாரியன் தன் பெயரைச் சொல்லவில்லை, அடிபட்டவனின் மதத்தைக் கேட்கவில்லை, கைம்மாறாக ஒன்றையும் கோரவில்லை. விலை வைத்த அன்பு அந்தக் கட்டளையை மீறியதேயாகும். மேலும், செவிகேளாத குழந்தைகளுக்காகச் சாந்தோமிலும் அடையாற்றிலும் கிறிஸ்தவர்கள் நடத்தும் பள்ளிகளில் நடக்கும் வேலை எத்தன்மையது என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியை குழந்தையின் எதிரே அமர்ந்து, அதன் பிஞ்சுக் கையைத் தம் தொண்டையில் வைத்துக்கொண்டு ஓர் எழுத்தை உச்சரிக்கிறார். அந்த அதிர்வை விரலால் உணர்ந்த குழந்தை, அதே கையைத் தன் தொண்டைக்குக் கொண்டுபோய் அந்த ஒலியை எழுப்பப் பார்க்கிறது. ஒரு சொல் தேறுவதற்கு இப்படி எத்தனையோ நாட்கள். தூண்டில் போடுகிறவனுக்கு இவ்வளவு பொறுமை வேண்டியதில்லை, இதைவிடச் சுலபமான குளங்கள் அவனுக்கு உண்டு.

போதிப்பவர்களே கைக்கொள்வதில்லை என்பது மூன்றாவது. மெய்தான், கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பியவர்கள் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே உண்டு. ஆனால் 1850இல் சென்னை மிஷனரி மாநாடு கூடி, சாதியைச் சபைக்குள் வைத்திருப்பதைக் கண்டித்துத் தீர்மானம் செய்தபோது, அது எந்தப் பிரமாணத்தைக் கொண்டு கண்டித்தது? மீறப்பட்ட அதே தர்மத்தைக் கொண்டுதான். பின்பற்றுவோரின் குறையை அளக்கவும் அந்த நியதியே கருவியாக இருக்கும்போது, அந்தக் குறையையே காரணமாக்கி நியதியை நிராகரிப்பது தர்க்கமாகாது.

நான்காவது, சர்க்கார் இருக்கிறதே என்பது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை கடந்து கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது, சர்க்காரின் கை எட்டுமுன் கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் படகுகளோடு வந்து சேர்ந்தார்கள். நீர் வடிந்தபின் முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களுக்குள்ளும் புகுந்து சேற்றை வாரினார்கள். இத்தகைய அன்பு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தன்று. 1930இல் அவ்வை இல்லத்தையும் 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கிய முத்துலட்சுமி ரெட்டி கிறிஸ்தவர் அல்லர். சமாரியனும் அந்தக் கதையைக் கேட்டவர்களுக்கு அந்நியனே. அந்நியனையே உதாரண புருஷனாக நிறுத்திய போதனையைத் தன்னலம் பேணும் ஒரு கூட்டத்தின் கொள்கை என்று சொல்ல எப்படித் துணிவது?

சர்க்கார் சட்டத்தால் உரிமையை வழங்கும். அடுத்த வீட்டுக் கிழவியின் மாத்திரை தீர்ந்துவிட்டதை அறியாது. இத்தர்மம் கடினமானது என்று சொல்வோரோடு எனக்கு வழக்கில்லை. நடவாதது என்று சொல்வோர் மட்டும், அதை நடத்திக் காட்டியவர்கள் எந்த நியாயத்தால் கணக்கில் வரமாட்டார்கள் என்பதை முதலில் விளக்கட்டும்.