தப்பான இடத்தில் விழும் பழி

சேர்வராயன் மலையிலுள்ள எங்கள் மாரமங்கலத்தில் கொஞ்ச நாளாக ஒரு புகார் சுற்றுகிறது. டீக்கடையில் பேசுகிறார்கள், மகளிர் குழுக் கூட்டத்தில் பேசுகிறார்கள். பிள்ளைகள் போனில் தாய்லாந்து, கொரியத் தொடர்கள் பார்க்கிறார்களாம். அதில் பையனும் பையனும் காதலிக்கிறார்களாம். இதெல்லாம் நம்ம மலைக்கு ஆகாதாம். பார்ப்பது உண்மைதான். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நாலைந்து எபிசோடை இறக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். காப்பி காயும் களத்தின் ஓரத்தில் ஒரே போனுக்கு மூன்று தலை குனிந்திருக்கும். நானும் கூட உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். ‘பி.எல்.’ (பாய்ஸ் லவ்) என்று பிள்ளைகள் சொல்லும் இந்தத் தொடர்களில் குறை உண்டு. சிலவற்றில் கடுமையான குறையே உண்டு. ஆனால் ஊர் சொல்லும் குறைகள் அவை அல்ல.

முதல் குற்றச்சாட்டு, இது வெளியிலிருந்து வந்தது என்பது. ஆமாம், வெளியிலிருந்துதான். 1970களில் ஜப்பானில் மோட்டோ ஹாகியோ, கெய்கோ தகேமியா போன்ற பெண்கள் வரைந்த சித்திரக்கதைகளில் வேர்விட்டு, தைவான், தாய்லாந்து, கொரியா, பிலிப்பைன்ஸ் என்று பரவியது. தாய்லாந்தில் 2014இல் ‘லவ் சிக்’, 2016இல் ‘சோட்டஸ்’ வந்தன. 2020 ஊரடங்கில் ‘டூகெதர்’ ஆசியா முழுக்க ஓடியது. வெளியிலிருந்து வந்ததெல்லாம் ஆகாது என்றால் சேர்வராயன் மலையில் முதலில் பிடுங்க வேண்டியது காப்பிச் செடியை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து வைத்தது அது. மிளகுக்கொடி ஏறும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வந்தது தொடர் மட்டும்தான்; ஆணை விரும்பும் ஆண்கள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களைக் குற்றவாளியாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவுதான் 1860இல் வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தது. வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது, பார்த்தால் பையன்கள் மாறிவிடுவார்கள் என்ற பயம். இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. ஆணும் பெண்ணும் ஆடிப்பாடும் படங்களை மட்டுமே பார்த்து வளர்ந்தும் இந்த மலையில் ஆணை விரும்பும் ஆண்கள் இருக்கிறார்கள். அத்தனை டூயட்டும் அவர்களை மாற்றவில்லை. மாற்ற முயல்வதே தவறு என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தெளிவாகச் சொன்னது. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் புரிய வேண்டும் என்று தானே மனநல ஆலோசகர் முன் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினார். சிகிச்சை என்ற பெயரில் ஒருவரின் ஈர்ப்பை மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார்.

ஆபாசம் என்பதுதான் அதிகமாகக் காதில் விழுகிறது. ‘டூகெதர்’ பற்றி ரசிகர்கள் சொன்ன பெரிய குறையே, காதலர்கள் முத்தமிட்டுக்கொள்வது இவ்வளவு அரிதா என்பதுதான். ஜப்பானின் ‘செர்ரி மேஜிக்’ (2020) தொடரையே எடுத்துக்கொள்வோம். முப்பது வயதுவரை காதல் அனுபவமே இல்லாத அலுவலக ஊழியன் அடாச்சி. தொட்டால் போதும், தொட்டவர் மனதில் ஓடுவது கேட்கும் என்ற சக்தி அவனுக்கு வந்துவிடுகிறது. கூட வேலை செய்யும் குரோசாவாவைத் தற்செயலாகத் தொடுகிறான். குரோசாவாவின் மனது முழுக்க அடாச்சியின் பெயர். ஒரு நாள் அலுவலக விருந்தில் எல்லாரும் குடித்துவிட்டு விளையாடும்போது இவர்கள் இருவரையும் முத்தமிடச் சொல்கிறார்கள். குரோசாவா நெருங்கி வருகிறான். அடாச்சியின் நடுக்கம் அவனுக்குத் தெரிகிறது. நெற்றியில் மட்டும் உதடு பதித்துவிட்டு விலகிக்கொள்கிறான். ஆசைப்பட்டவன் எதிராளியின் பயத்தைக் கவனித்து நின்றுவிடும் காட்சி இது. பெண்ணை வழிமறித்து, பின்னாலேயே அலைந்து, ‘சம்மதம்’ வாங்கும் கதாநாயகர்களை நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துக் கைதட்டியிருக்கிறோம்.

இந்தச் சம்மத விஷயத்தில்தான் இத்தொடர்களின் உண்மையான குறையும் இருக்கிறது. 2019இன் ‘தார்ன் டைப்’ தொடரில் விடுதி அறையில் கூடத் தங்கியிருப்பவன் குடித்துக் கிடக்கும்போது கதாநாயகன் அத்துமீறுகிறான். சின்ன வயதிலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவன் அந்த இன்னொருவன். தொடரோ அதைத் தாண்டி இருவரையும் காதலர்களாக்கி நம்மை உருகச் சொல்கிறது. வற்புறுத்தலைக் காதலின் வேகமாகக் காட்டும் இந்தப் பழக்கம் இவ்வகைக் கதைகளில் வெகுநாளாக உண்டு. என்னால் இதை மன்னிக்க முடியவில்லை. ஆனால் இதைச் சுட்டிக்காட்டி யாரும் எங்கள் ஊரில் புகார் சொல்லக் கேட்டதில்லை. எத்தனை முத்தம் என்று எண்ணுகிறார்களே தவிர, கேட்டுத் தொட்டானா என்று பார்ப்பதில்லை.

‘பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இதில் என்ன கிறுக்கு?’ என்ற கேள்வியில் ஏளனம் இருந்தாலும் அது நல்ல கேள்வி. இக்கதைகளைத் தொடக்கத்திலிருந்து எழுதியவர்களிலும் பார்ப்பவர்களிலும் பெரும்பகுதி பெண்கள்தான். காதல் படத்தில் ஒரு பெண் தன்னைக் கதாநாயகியின் இடத்தில்தான் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே அவள் துரத்தப்படுவாள், திட்டு வாங்குவாள், சில படங்களில் அறையும் வாங்குவாள். குடும்ப மானம் முழுக்க அவள் தலையில் இருக்கும். இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதையில் அந்தச் சுமை அவளுக்கு இல்லை. இருவரும் சமமானவர்கள், இருவரும் அழலாம், காய்ச்சலில் கிடப்பவனுக்கு மற்றவன் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கலாம். அன்பை அன்பாக மட்டும் பார்க்க ஓர் இடம் கிடைக்கிறது. எந்நேரமும் யாராவது போனை வாங்கிச் சோதிக்கும் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அது பெரிய விஷயம்.

ஆனாலும் பெண்களுக்காக எடுக்கப்படும் இந்தத் தொடர்களில் பலவற்றில் பெண் என்று வருபவள் பொறாமைக்காரி, இல்லையென்றால் காதலைப் பிரிக்க வந்தவள். ஆண் ஜோடியில் ஒருவனை ‘பெண்டாட்டி’ என்று அழைப்பதும் தாய்லாந்துத் தொடர்களில் சாதாரணம். 2021இல் ‘பேட் படி’ வந்தபோது எனக்குப் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், இதை அது திருத்தியதுதான். பகை கொண்ட அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த பாட், பிரான் இருவரின் கதை. இடையில் இங்க் என்ற பெண் வருகிறாள். வழக்கப்படி இவள்தான் வில்லி என்று நாம் காத்திருக்க, அவளோ பாட்டின் தங்கையைக் காதலிக்கிறாள்.

பிள்ளைகள் பக்கமிருந்து வரும் ஒரு வாதத்தையும் விட முடியாது. இந்தத் தொடர்களால்தான் அந்த நாடுகளில் உரிமை கிடைத்தது என்கிறார்கள். ஆனால் தாய்லாந்தில் தன்பாலினத் திருமணச் சட்டம் 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்ததற்குப் பின்னால் பல ஆண்டு மனுவும் போராட்டமும் இருக்கின்றன. சீனாவில் ‘தி அன்டேம்ட்’ (2019) எவ்வளவு பெரிய வெற்றி! அதற்காக அரசு இளகவில்லை; 2021இல் இத்தகைய தொடர்கள் மீதான கெடுபிடி இன்னும் இறுகியது. நம் உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபர் 17 அன்று திருமண உரிமை தர மறுத்துவிட்டது. ரசிகர் கூட்டம் ஓட்டாகவோ சட்டமாகவோ தானாக மாறிவிடாது.

கடைசியாக, இதெல்லாம் பட்டணத்துப் பணக்காரப் பையன்கள் கதை, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். இதில் பாதி உண்மை. வெள்ளைத்தோல், பொறியியல் கல்லூரி, கார், பளபளக்கும் அடுக்குமாடி வீடு என்று பெரும்பாலானவை ஒரே அச்சு. 2021இன் ‘எ டேல் ஆஃப் தௌசண்ட் ஸ்டார்ஸ்’ தாய்லாந்து மலைக்கிராமத்தில் நடக்கிறது என்பதால் ஆசையோடு பார்த்தேன். இதயம் மாற்றப்பட்ட பாங்காக் பணக்காரப் பையன் தியன், தனக்கு இதயம் கொடுத்த பெண் பாடம் நடத்திய மலைக்கு ஆசிரியனாகப் போகிறான். அங்கே வன அதிகாரி பூபாவைக் காதலிக்கிறான். தேயிலை பறித்து விற்கும் ஊர்க்காரர்கள் வியாபாரியிடம் ஏமாறுவதையும் அவன்தான் கண்டுபிடிக்கிறான். மனதைத் தொடும் தொடர்தான். ஆனால் காப்பியையும் மிளகையும் வியாபாரியின் தராசில் வைத்துவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கும் எங்கள் ஆட்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் அடுத்த முறை வாங்க மாட்டானோ என்ற பயம். அந்தத் தொடரில் மலைக்காரர்கள் நல்லவர்கள், அப்பாவிகள், பின்னணி. காதல் வருவது பட்டணத்துக்காரனுக்கும் அதிகாரிக்கும் மட்டும்.

மீதிப் பாதி தவறு. ‘வாட் டிட் யூ ஈட் எஸ்டர்டே?’ (2019) என்ற ஜப்பான் தொடரில் நாற்பதைத் தாண்டிய ஒரு வக்கீலும் முடிதிருத்தும் கலைஞர் ஒருவரும் ஒன்றாக வாழ்கிறார்கள். வக்கீல் மாலையில் நேரத்துக்குக் கிளம்பி, எந்தக் காய் மலிவு என்று தேடி வாங்கி வந்து சமைப்பார். முழுத் தர்பூசணி விலை குறைவு, ஆனால் இரண்டு பேருக்கு அதிகம். முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தலைவியோடு பேசிப் பாதிப்பாதியாக வாங்கிக்கொள்வார். எங்கள் சித்தி இந்தக் காட்சியை ஏறக்குறைய மூச்சுவிடாமல் பார்த்தார். “ஏன் தம்பி, அந்தாளு நல்லாக் குடும்பம் பண்றாருல்ல?” என்றார். அந்த இருவரும் என்ன உறவு என்று அவருக்குத் தெரியும்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஜியோ பேபி இயக்கி, மம்மூட்டி தயாரித்து நடித்த ‘காதல் – தி கோர்’ 2023 நவம்பரில் வந்தது. கோட்டயம் மாவட்டத்து மலையோரக் கிராமம் தீக்கோய். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் மேத்யூ ஊராட்சி வார்டு இடைத்தேர்தலில் நிற்கிறார். அதே நேரத்தில் மனைவி ஓமனா, கணவர் ஆணை விரும்புபவர் என்று சொல்லி விவாகரத்துக் கேட்கிறார். ஓமனா வில்லி இல்லை. மேத்யூவின் காதலர் தங்கன் பணக்காரரும் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துப் பிழைப்பவர். அப்படியும் ஊர் மேத்யூவுக்கு ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைக்கிறது. மாரமங்கலமும் ஊராட்சிதான், இங்கேயும் வார்டு உண்டு, தேர்தல் உண்டு. இப்படி ஒரு கதையைத் தமிழில், காப்பித் தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு பையனை வைத்து யாராவது எடுக்கட்டும். களத்து ஓரத்தில் அதைப் பார்க்கப் பிள்ளைகளோடு பெரியவர்களும் வருவார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.