முறைப்பாட்டை முதலில் பதியுங்கள்

மெய்நிகர் விளையாட்டொன்றில் சிறுமி ஒருத்தியின் உருவம் பாலியல் தாக்குதலுக்குள்ளானதாகக் கூறப்பட்டதைப் பிரித்தானியப் பொலிஸார் விசாரிப்பதாக 2024 ஜனவரியில் செய்தி வெளியானது. கற்பனை உலகில் நடந்ததற்கு விசாரணையா எனச் சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. எமது மாவட்டத்தில் மெய்யுலகில் நடந்தவற்றையே நம்பச்செய்ய மக்கள் படாதபாடு பட்டனர். வாழைச்சேனைக்கு அண்மையில், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 1990 செப்டெம்பர் 5 இல் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். காணாமற்போனோர் வெளிநாட்டில் இருக்கலாம் என்ற பதிலே அதிகாரத் தரப்பிலிருந்து உறவுகளுக்குப் பலமுறை கிடைத்தது. அதே 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் கடத்தப்பட்ட முஸ்லிம்களின் எச்சங்களைத் தேட, உறவினர்கள் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015 இலும் 2023 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இணைய விளையாட்டில் மிரட்டப்பட்டதாக நாளை ஒரு மாணவி வாழைச்சேனைப் பொலிஸ் நிலையம் வந்தால், ‘நீ ஏன் அங்கே போனாய்?’ எனக் கேட்காமல் முறைப்பாட்டைப் பதிய வேண்டும்.