அரிசிப் பேணியும் ஐந்து நிமிடமும்



கச்சான் காற்று திருகோணமலையைப் புரட்டி எடுக்கும் நாட்கள் இவை. ஜன்னலைத் திறந்தால் காற்றின் இரைச்சல், மூடினால் வெக்கை, ஃபேனைப் போட்டால் அதன் கடகடப்பு. ஆகவே விரிவுரையாளராக இருக்கும் என் சிநேகிதி ஒருவர், பிள்ளைகள் உறங்கிய பிறகு சமையலறையில் இருந்து தன் பாடங்களை ஐந்து நிமிடக் காணொளிகளாகப் பதிவு செய்கிறார். கைத்தொலைபேசி சாய்ந்து நிற்பது ஒரு அரிசிப் பேணியில்.

"ஒரு மணித்தியாலம் பேசச் சொன்னால் நின்ற நிலையில் பேசிவிடுவன். இந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் மூன்று இரவு போகுது" என்றார். பக்கக் கணக்குக்குள் எழுதிப் பழகிய எனக்கு அந்தப் பாடு உடனே விளங்கியது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் அப்படியே சூமுக்கு இடம்பெயர்ந்தன. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரிலும், வடக்கே குச்சவெளி, புல்மோட்டையிலும் கவரேஜ் தேடி மொட்டைமாடி ஏறிய பிள்ளைகளை நாம் பார்த்தோம். 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. நேரலை வகுப்பு அறுந்தால் அறுந்ததுதான். வட்ஸ்அப்பில் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்ட சின்னக் காணொளியோ, போனில் சார்ஜ் இருக்கும்வரை கூடவே இருந்தது.

ஆனால் சின்னது என்றால் பெரியதை வெட்டி எடுத்தது அல்ல. 2014இல் ஆய்வாளர் பிலிப் குவோவும் அவருடைய கூட்டாளிகளும், எட்எக்ஸ் இணைய வகுப்புகளில் 69 இலட்சம் தடவை காணொளிகள் பார்க்கப்பட்ட விதத்தை ஆராய்ந்தார்கள். காணொளி எவ்வளவு நீளமானாலும், மாணவர் பொதுவாக அதில் நிற்பது ஆறு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. வகுப்பறையில் பதிந்த நீண்ட விரிவுரையைத் துண்டாக்கிப் போட்டாலும், குறுகியதாகவே திட்டமிட்டுச் செய்ததற்கு அது ஈடாகவில்லை. செலவழித்துக் கட்டிய ஸ்டூடியோவைவிட, மேசையடியில் இருந்து முகம் பார்த்துப் பேசிய ஆசிரியரிடம் மாணவர் கூடுதல் நேரம் நின்றார்கள். அரிசிப் பேணிக்கு இதைவிட என்ன நற்சான்று வேண்டும்?

அப்படியானால் ஐந்து நிமிடத்தில் எதைச் சொல்வது? நம் கன்னியா வெந்நீர் ஊற்றுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. வெந்நீர் ஊற்றுகளின் வகை, உலகில் எங்கெங்கே உண்டு, புவியியல் வரலாறு என்று தொடங்கினால் மாணவர் முதல் நிமிடத்திலேயே கைநழுவிப் போவார். அதற்குப் பதில், வெப்பமானியை முதல் கிணற்றில் இறக்கிக் காட்டலாம். பிறகு அடுத்ததில். "எரிமலையே இல்லாத நாட்டில் தண்ணீரைச் சுடவைத்தது யார்?" என்று ஒரே ஒரு கேள்வி. ஒரு தாளில் கையால் ஒரு படம்: மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்குகிறது, ஆழம் கூடக்கூடப் பாறை சூடாக இருக்கிறது, சூடேறிய நீர் வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் சூடு ஏன் வேறுபடுகிறது என்பதைச் சொல்லாமலே நிறுத்திவிட வேண்டும். அது மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் வாதாடுவதற்கு.

கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிறார்கள். பலர் ஆங்கிலத்தில் பாடம் கேட்பதே அங்கேதான் முதல்முறை. நூறு பேர் நடுவே எழுந்து "திருப்பிச் சொல்லுங்கோ சேர்" என்று கேட்க வாய் கூசும். காணொளியைப் பத்துத் தரம் பின்னோக்கி இழுத்தாலும் அது முகம் சுளிக்காது. என் அக்காவின் மகள் ஒரு விளக்கத்தை நாலு முறை கேட்டு, ஐந்தாம் முறை தானே சொல்லிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்காக விரிவுரை மண்டபத்தை மூடிவிட முடியாது. விளங்காத முகத்தைப் பார்த்து உதாரணத்தை மாற்றுவது ஆளுக்குத்தான் முடியும். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதைப் போனிடம் விட்டால், அந்த மண்டபத்தில் பேசிப் பார்க்க நேரம் மிஞ்சும் என்பதுதான் சிநேகிதியின் கணக்கு.

படித்த காலத்தில் விளங்காமலே கடந்து வந்த ஒன்று உங்கள் எல்லோரிடமும் இருக்கும். வட்டிக் கணக்கோ, வாதம் பித்தம் கபமோ, வற்றுப்பெருக்கோ, எதுவானாலும் ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள். சிநேகிதியிடமும் அவருடைய சக ஆசிரியர்களிடமும் சேர்த்துவிடுகிறேன். கச்சான் அடங்கும்வரை சமையலறையில் இரவு வகுப்பு நடக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்