கிரீன் கார்டு ரயில்வே பாஸ் அல்ல

நம் சங்கத்தின் விழாக்களில் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என்ன சார், பையன் அமெரிக்கன் சிட்டிசன் ஆகிவிட்டானாமே, உங்களுக்குக் கிரீன் கார்டு போட்டானா?" போட்டான். நானும் என் மனைவியும் போனோம். 2025-ல் நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னதும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பந்தியிலும் விளக்குவதைவிட இங்கே ஒரு தடவை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வேலையை வைத்துக் கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பலர் பத்தாண்டுக்கு மேலாக வரிசையில் நிற்கிறார்கள். 1990-ல் செய்த சட்டப்படி அந்த வகைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,40,000 இடங்கள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது பொது விதி. நாடு சிறியதானாலும் பெரியதானாலும் ஒரே அளவுதான். ஒற்றைப் பாதையில் எல்லா வண்டிகளையும் விட்டால் என்ன ஆகும் என்று ரயில்வேக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் 21 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகன் தன் பெற்றோருக்கு மனுச் செய்தால் இந்த வரிசை கிடையாது. எண்ணிக்கை வரம்பும் இல்லை. என் மகன் 2012-ல் கிரீன் கார்டும் 2018-ல் குடியுரிமையும் பெற்றான். 2021-ல் எங்களுக்கு மனுப் போட்டான். 2023-ல் மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்முகம் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதால்தான் நாம் யோசிக்காமல் வாங்கிக்கொள்கிறோம்.

சுலபம் என்றாலும் காகித வேலை இருக்கிறது. என் பிறப்புப் பதிவில் 'ஆண் குழந்தை' என்றுதான் இருக்கிறது, பெயர் இல்லை. நம் தலைமுறையில் பலருக்கும் இதே கதைதான். பள்ளிச் சான்றிதழையும் உறவினர்களின் பிரமாணப் பத்திரங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டி வந்தது. அடுத்தது இனிஷியல். என் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர். மகனின் கடைசிப் பெயர் என் பெயர். ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு குடும்பப் பெயரா என்று கேட்டால் பொறுமையாக விளக்க வேண்டும். பாஸ்போர்ட், பென்ஷன் புத்தகம், திருமணச் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அன்பர்கள் இன்றே பார்த்துவைப்பது நல்லது.

இனி முக்கியமான விஷயம். கார்டில் பத்தாண்டு என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்து, பத்தாண்டுக்கு இஷ்டம்போல் போய் வரலாம் என்று நினைக்கிறோம். எங்களுக்கு ரயில்வேயில் பாஸ் தருவார்களே, அதைப்போல. அது தவறு. அமெரிக்காதான் என் வீடு என்று ஒப்புக்கொள்பவருக்கே அந்தக் கார்டு. ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் அது பறிபோகலாம். அதற்குக் குறைவாக இருந்தாலும், உன் வீடு எது என்று விமான நிலையத்தில் கேட்பார்கள். இரண்டாண்டு வரை வெளியே இருக்க மறுநுழைவு அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்காவில் இருக்கும்போதே அதற்கு விண்ணப்பித்திருக்க வேண்டும்.

நான் விண்ணப்பிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கத்தில் தம்பி வீட்டில் இருந்த என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நாங்கள் இருவரும் ஓடி வந்தோம். பத்து மாதம் அம்மாவின் கட்டிலருகில் இருந்தேன். காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டும் இருந்தேன். ஓராண்டு ஆகிவிடக்கூடாதே என்று டிசம்பரில் திரும்பிப் போனோம். "உங்கள் வீடு எங்கே?" என்று அதிகாரி கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எச்சரித்து உள்ளே விட்டார். பன்னிரண்டாம் நாள் அம்மா போய்விட்டாள். மூத்த பிள்ளை நான். நான் வந்து சேர்ந்தபோது தம்பி கொள்ளி வைத்து, காரியங்களைத் தொடங்கிவிட்டிருந்தான். அதிகாரி மீது எனக்குக் குறை இல்லை, அவர் தன் வேலையைச் செய்தார். என்ன விதிக்குக் கையெழுத்துப் போடுகிறேன் என்று பார்க்காதவன் நான்தான்.

மற்றவற்றையும் சொல்கிறேன். கிரீன் கார்டு உள்ளவர் இந்தியப் பென்ஷன், வட்டி எல்லாவற்றையும் அமெரிக்க வரிக் கணக்கில் காட்ட வேண்டும். 65 வயதானாலும் அங்கே உழைத்துக் கட்டிய கணக்கு இல்லாதவர், ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பின்பே மெடிகேரில் பணம் கட்டிச் சேர முடியும். அதுவரை காப்பீட்டுச் செலவு பிள்ளையின் தலையில். குடியுரிமைக்கும் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். அதில் 30 மாதமாவது அங்கே இருந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் படித்து, எழுதிக் காட்ட வேண்டும். 55 வயதைத் தாண்டியவருக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு, ஆனால் கார்டு வாங்கி 15 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்த என் மனைவிக்கு இப்போது 64. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். குடியுரிமை கிடைத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓ.சி.ஐ. அட்டை வாங்கலாம், அதை வைத்துக்கொண்டு இங்கே ஓட்டுப் போட முடியாது.

அப்படியானால் யாருமே வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். துணையை இழந்து இங்கே தனியாக இருப்பவர், பிள்ளைகள் எல்லோரும் அங்கேயே இருப்பவர் தாராளமாகப் போகட்டும். அவர்களுக்கு அது பெரிய ஆதரவு. ஆனால் இங்கே வயதான தாய் தந்தையரும், ரயில்வே ஆஸ்பத்திரியும், நாலு பேர் பழக்கமும் இருக்கும்போது, பேரக் குழந்தையைப் பார்த்து வருவதற்காக மட்டும் கிரீன் கார்டு தேவையில்லை. சுற்றுலா விசா போதும். ஒரு தடவை போனால் பொதுவாக ஆறு மாதம் வரை தங்க விடுகிறார்கள்.

என் மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "விசா கொடுக்காவிட்டால் பேத்தியை எப்படிப் பார்ப்பது?" என்று கேட்டாள். நியாயமான பயம்தான். அதனால் அவள் கார்டை அவளே வைத்துக்கொண்டிருக்கிறாள். என் கார்டை மட்டும் உரிய படிவத்தோடு ஒப்படைத்துவிட்டு நான் விசா வாங்கினேன். இந்த வருஷம் அவள் அங்கே, நான் இங்கே. மனம் ஒப்பித்தான் செய்கிறோம் என்று சொல்லமாட்டேன்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை படிவம் அனுப்பினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். கணவனும் மனைவியும் உட்கார்ந்து, நம் வீடு எது என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் பிள்ளையிடம் கூசாமல் சொல்லுங்கள். அவன் புரிந்துகொள்வான். என் மகன் புரிந்துகொண்டான்.