தொலைவுக்கான துப்பாக்கி: குழலா, குண்டா?

குழல்வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளைப் பற்றிய பேச்சில் ஒரு பிழை ஓயாமல் திரும்பி வருகிறது. குழல் நீண்டிருந்தால் குண்டு நெடுந்தொலைவுக்குக் குறி தவறாமல் செல்லும் என்று கொள்வதே அது. அமெரிக்கக் கென்டக்கி துப்பாக்கியின் நீண்டு மெலிந்த அழகிலிருந்து பிறந்த மயக்கம் இது. அத்துப்பாக்கி சுடுவது துணியில் பொதிந்த ஈய உருண்டையை. உருண்டை காற்றில் விரைவாக வேகமிழக்கும். பக்கக் காற்றில் எளிதாக விலகும். 200 கெஜத்துக்குள் மான் வேட்டைக்கு அது போதும். 1,000 கெஜத்துக்கு அப்பால் இலக்கை நிறுத்துபவருக்குப் பயன்படாது.

தொலைவைத் தீர்மானிப்பவை இரண்டு: குண்டின் நீளம், அந்நீளத்தைத் தடுமாறாமல் சுழற்றிவிடும் சுரியின் முறுக்கு. இதற்கு 1857இல் இங்கிலாந்தின் ஹைத் நகரில் நடந்த சோதனையைவிடத் தெளிவான சான்று இல்லை. ஒருபுறம் படையின் என்ஃபீல்டு. மறுபுறம் ஜோசப் விட்வர்த் என்ற பொறியாளர் வடித்த அறுகோணக் குழல் துப்பாக்கி. இரண்டின் குண்டும் 530 கிரெய்ன் எடை. ஆனால் என்ஃபீல்டின் குழல் 0.577 அங்குலம், விட்வர்த்தினது 0.451. அதே ஈயம் ஒடுங்கிய குழலுக்கென வார்க்கப்பட்டபோது குண்டு நீண்டது. அதைச் சுழற்ற 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற என்ஃபீல்டின் மந்த முறுக்கு போதாது. விட்வர்த் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார். 500 கெஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் இரண்டடிக்கு மேல். விட்வர்த்தினது அரை அடிக்கும் குறைவு. 1,400 கெஜத்தில் என்ஃபீல்டு இலக்கைத் தொடவே இல்லை.

ஆயினும் படை விட்வர்த்தை ஏற்கவில்லை. இதை அதிகாரிகளின் மூடத்தனம் என்று எழுதுவோர் உண்டு; அது அவசரத் தீர்ப்பு. கருமருந்து எரிந்தபின் குழலில் கரி படியும். ஒடுங்கிய குழலில் இறுக்கமான குண்டை அக்கரியின் மேல் தள்ளுவது கடினம். என்ஃபீல்டின் குண்டோ குழலைவிடச் சற்றுச் சிறியது. எளிதாக இறங்கும், சுடும்போது விரிந்து சுரியைப் பற்றும். அது வழுக்கி இறங்கவே தோட்டாவின் காகிதத்தில் கொழுப்புத் தடவினர். 1857ஆம் ஆண்டு எழுச்சியைக் கற்பிக்கும் வகுப்புகளில் அக்கொழுப்பு பசுவினதா பன்றியினதா என்பது பேசப்படுகிறது. அது ஏன் தேவைப்பட்டது என்பது அரிதாகவே பேசப்படுகிறது.

போர்க்களத்தில் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட வேண்டிய சிப்பாய்க்கு என்ஃபீல்டே சரி. போட்டிக் களத்தில் ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் குழலைத் துடைக்க நேரம் உள்ளவருக்கு அந்தக் காரணம் பொருந்தாது. எனவே இன்று மரபுத் துப்பாக்கியை நெடுந்தொலைவுக்குத் தேர்பவர் படை ஒதுக்கியதையே எடுக்க வேண்டும்: 0.451 குழல், விரைந்த முறுக்கு. அவற்றுள்ளும் அறுகோணக் குழலைவிட, மெட்ஃபோர்டின் ஆழமற்ற சுரிகொண்ட கிப்ஸ் வகையே மேல். காகிதம் சுற்றிய கடின ஈயக் குண்டு அதில் இலகுவாக இறங்கும், துடைப்பதும் எளிது. விட்வர்த்தின் பெயர்ப்புகழுக்காக அதை வாங்குவோர் பாதிப் பணத்தை வரலாற்றுக்குக் கொடுக்கிறார்கள்; அதில் தவறில்லை, தெரிந்து கொடுத்தால் சரி.

பின்வழி நிரப்பும் துப்பாக்கி வந்ததும் இவை தோற்றொழிந்தன என்பதும் உண்மையன்று. 1874இல் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூரில் 800, 900, 1,000 கெஜத் தொலைவுகளில் அமெரிக்கர் பின்வழித் துப்பாக்கிகளோடும், அயர்லாந்தினர் ரிக்பி செய்த வாய்வழித் துப்பாக்கிகளோடும் மோதினர். அமெரிக்கர் 934, அயர்லாந்தினர் 931. அயர்லாந்து வீரர் ஒருவர் நடுப்புள்ளியைத் துளைத்தார், ஆனால் பக்கத்து இலக்கில். அதற்குரிய 4 புள்ளிகள் கணக்கில் சேரவில்லை.