ஒரு வீட்டுக்கு ஒரு கம்பி போதும்

ஐப்பசி இடி முழங்கத் தொடங்கியதும் வன்னியில் வீட்டுக்கு வீடு முதலில் நடக்கும் வேலை றவுட்டரைக் கழற்றுவது. கரண்ட் வயரையும் தொலைபேசி வயரையும் பிடுங்கிவிட்டு மழை ஓயும்வரை காத்திருப்போம். மறந்துபோனவர் மறுநாள் கருகிய பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். முள்ளியவளையில் இதற்குப் பழகியாயிற்று. ஆனால் இந்தக் கவலைகூட கம்பி வந்த வீட்டுக்குத்தான். கம்பி வராத வீட்டில் பிள்ளை ஜன்னலோரம் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடுகிறது.

நிலையான தொலைபேசிச் சேவையில் தனியார் போட்டி இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1996இல் சன்ரெல், லங்கா பெல் என்ற இரண்டு நிறுவனங்கள் கம்பியில்லாத் தொலைபேசியோடு களமிறங்கின. அந்த வருடம் வன்னிக்கு வந்தது தொலைபேசி அல்ல, போரில் இடம்பெயர்ந்து மூட்டை முடிச்சோடு வந்த சனம். 2002 ஓகஸ்டில் வெளிநாட்டு அழைப்புகளில் ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் தனியுரிமையும் முடிந்தது. பின்னர் சன்ரெல், கைபேசி நிறுவனமான டயலொக்கோடு சேர்ந்தது. ஆக, போட்டி இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஆகாயத்தில்தான் நடக்கிறது. நிலத்தில், உங்கள் வாசலுக்கு எவர் கம்பி இழுத்தாரோ அவரிடம்தான் நீங்கள் இணையம் வாங்க வேண்டும். சேவை பிடிக்கவில்லையா, கம்பியையும் சேர்த்து விட்டுவிட வேண்டியதுதான். இலக்கமும் கூடவே போய்விடும். கடைப் பலகையில் 021 229 என்று பெயின்ற் அடித்து வைத்திருக்கும் முதலாளிக்கு இது சின்ன விடயமல்ல. இலக்கத்தை மாற்றாமல் கம்பனியை மாற்றும் வசதி பற்றிய பேச்சும் வருடக்கணக்காக இழுபட்டு வந்திருக்கிறது.

எங்கள் நிலைப்பாடு இது: கம்பியும் கம்பமும் நிலத்தடிக் குழாயும் யாருடையவையாக இருந்தாலும், நியாயமான வாடகைக்கு மற்ற நிறுவனங்களுக்கும் அவை திறந்துவிடப்பட வேண்டும். அந்த வாடகையைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிர்ணயித்து, எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும்.

'என் காசில் போட்ட கம்பியைப் போட்டிக்காரனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதலில், சும்மா கொடுக்கச் சொல்லவில்லை. அடுத்தது, கோபுரங்களில் இது ஏற்கனவே நடக்கிறது. ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று கம்பனிகளின் அன்டெனாக்கள் தொங்குகின்றன, யாரும் நொடித்துப் போகவில்லை. பிரித்தானியாவில் பிரிட்டிஷ் ரெலிகொம்மின் கம்பிகளைப் பராமரிக்கும் பகுதி 2006இல் ஓபன்ரீச் என்று தனிப் பிரிவாக்கப்பட்டது. இன்று அதே கம்பி வழியாகப் பல கம்பனிகள் சேவை விற்கின்றன. லண்டனில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர் கம்பனி மாறும்போது பெரும்பாலும் புதுக் கம்பி இழுக்க வேண்டியதில்லை.

காசு என்றதும் இன்னொரு கணக்கும் ஞாபகம் வருகிறது. 2003 முதல் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு அரசு ஒரு அபிவிருத்திக் கட்டணம் விதித்தது. கிராமப்புறங்களில் வலையமைப்பு அமைக்கும் நிறுவனங்களுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிக் கொடுப்பது என்பது ஏற்பாடு. ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் இரவிரவாக ஊருக்குப் பேசியவர்கள் யார்? அந்தக் காசில் எங்கள் சனத்தின் வியர்வையும் இருக்கிறது. வன்னியின் எந்தக் கிராம அலுவலர் பிரிவுக்கு அது எவ்வளவு வந்து சேர்ந்தது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. இப்போது எல்லோரும் வட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். அந்த ஊற்று வற்றிக்கொண்டிருப்பதால் கேள்வி இன்னும் அவசரமானது.

ரெலிகொம்மை விற்றால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. 2023இல் அதன் அரச பங்குகளை விற்கப் புறப்பட்டார்கள், ஆட்சி மாறியதும் அது நின்றது. நின்றது நல்லது. ஆனால் 'அரச நிறுவனம்' என்று நாம் சொல்வதே பாதிதான் உண்மை. அரசின் பங்கு 49.5 வீதம். ஏறத்தாழ 45 வீதம் மலேசிய முதலீட்டாளர் ஒருவரின் கைக்குப் போனது; அதன் பெரும்பகுதியை அவர் 2008இல் ஜப்பானிய என்.ரி.ரி.யிடமிருந்து வாங்கினார். அவர் 2024இல் மறைந்த, இலங்கைத் தமிழ்ப் பூர்வீகம் கொண்ட ஆனந்த கிருஷ்ணன் என்பது ஒரு சுவாரசியம். டயலொக்கின் தாய் நிறுவனமும் மலேசியாவின் அக்சியாட்டாதான். ஆகவே அரசா தனியாரா என்ற பட்டிமன்றத்தை நடத்துகிறவர்கள் நடத்தட்டும். உள் ஒழுங்கையில் பத்து வீட்டுக்காகக் கம்பம் நட்டால் இரண்டு தரப்புக்கும் கணக்கு உதைக்கும். ஒருவர் நட்டு மூன்று பேர் வாடகை கொடுத்தால் உதைக்காது.

2025 ஜூலையில் செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே என்பது அடுத்த சமாதானம். நெல் விற்ற காசில் உரக்கடன் அடைப்பவர் வானத்துக்கு வாடகை கட்டமாட்டார்.

கொழும்பு அசையும்வரை இங்கே கைகட்டி இருக்கவும் வேண்டியதில்லை. வீதியோரம் கிண்ட அனுமதி கேட்டு நிறுவனங்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கரைதுறைப்பற்றுப் பிரதேச சபையிடமும்தான் வந்து நிற்கின்றன. அடுத்த விண்ணப்பம் வரும்போது அந்தச் சபைகள் ஒரு நிபந்தனை போடட்டும்: தன் குழாயோடு இன்னொரு வெறுங்குழாயையும் புதைத்துவிட்டுக் குழியை மூடு.