பாட்டுக்கு மறுமதிப்பீடு உண்டா?



"பரீட்சை நேரத்துல பாட்டைப் பத்தி என்னடா கட்டுரை?" என்று ஆசிரியர் குழுவில் ஒருத்தர் கேட்டார். நான் எழுதப்போவதும் மார்க் பற்றித்தான் என்று சொல்லி இந்த இடத்தை வாங்கியிருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. நம்ம காலாண்டுத் தேர்வு விடைத்தாளை ஒரு சார் கையில் வாங்குகிறார். முதல் பக்கத்தை மட்டும் பார்க்கிறார். மீதிப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. "10-க்கு 3" என்று போட்டுத் தூக்கி வைத்துவிடுகிறார். நாம சும்மா இருப்போமா? வீட்டில் சொல்லி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்போம். பிளஸ் டூ பொதுத்தேர்வில்கூட விடைத்தாள் நகல் வாங்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். ஏன்? மார்க் போட்டவர் முழுசாகப் படித்துத்தான் போட்டாரா என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கு.

அந்த உரிமை ஒரு பாட்டுக்கு இருக்கா?

புதுப் பாட்டு வந்த மறுநாள் காலையில் நம்ம வகுப்பில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரேயர் மணி அடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "செம, 10-க்கு 9." "மொக்கை, 10-க்கு 2." முந்தின நாள் ராத்திரியே யூடியூபில் போய்ப் போட்ட மார்க் அது. பாட்டு வந்து அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. பாட்டே நாலரை நிமிஷம் இருக்கும்! கீழே ஆயிரக்கணக்கில் கமெண்ட். எப்போ கேட்டாங்க, எப்போ யோசிச்சாங்க, எப்போ டைப் அடிச்சாங்க?

மத்தவங்களைச் சொல்லுவானேன். நானே அப்படித்தான்.

2022 ஜூலை 31, ஞாயித்துக்கிழமை. நான் அப்போ எட்டாவது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தில் இருந்து 'பொன்னி நதி' பாட்டு வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் இசை, இளங்கோ கிருஷ்ணன் எழுதினது. சித்தப்பா வீட்டு அண்ணன் செல்லில் ரெண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். பாதிப் பாட்டுக்குள்ளேயே நான், "சுமார்தான், 5/10" என்று போட்டுவிட்டேன். ஏன் 5 என்று கேட்டால் எனக்கே தெரியாது. எனக்குப் பிடித்த ஹீரோ அதில் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

மூணாம் நாள் ஆடிப்பெருக்கு. அந்த வருஷம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-க்கு முன்னாடியே, மே 24-லேயே திறந்துவிட்டார்கள். எங்க ஊர் வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணி போனது. படித்துறையில் அம்மாவும் அத்தையும் காப்பரிசி, காதோலை கருகமணி எல்லாம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னப் பசங்க சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். யாரோ ஒருத்தர் டிராக்டரில் ஸ்பீக்கர் கட்டி அதே பாட்டைப் போட்டார். தாத்தா கரையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். "இது நம்ம ஆத்தைப் பத்தின பாட்டுல்ல? இன்னொரு தடவை போடச் சொல்லுடா" என்றார். அன்றைக்குத்தான் நான் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன். நான் 5 போட்ட பாட்டும் இதுவும் ஒன்றுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கல்கியின் நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு ஆடிப் பதினெட்டாம் பெருக்கு அன்றைக்குத்தான் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். கதை தொடங்குவதே அங்கேதான். இது தெரியாமலேயே நான் மார்க் போட்டிருக்கிறேன். அந்தப் பாட்டைப் பாடியவர்களில் ஒருத்தர் பம்பா பாக்யா. செப்டம்பர் தொடக்கத்தில் அவர் காலமானார். செப்டம்பர் 30-ஆம் தேதி படம் வருவதற்கு முன்னாலேயே போய்விட்டார். செய்தியில் அவர் பேரைப் பார்த்த பிறகுதான், இப்படி ஒரு பாடகர் அந்தப் பாட்டில் இருந்தார் என்பதே எனக்குத் தெரிந்தது. 2018-ல் 'சர்கார்' படத்தில் 'சிம்டாங்காரன்' பாடியவரும் அவர்தான். அந்தப் பாட்டு வந்தபோது வார்த்தை புரியவில்லை என்று கிண்டல் பண்ணினவர்கள் எத்தனை பேர்! அப்புறம் ஸ்கூல் ஆண்டுவிழாவில் அதுக்கே ஆடினார்கள்.

சரி, ஏன் இந்த அவசரம்? நான் யோசித்துப் பார்த்த வரைக்கும் காரணம் இசை இல்லை, கணக்கு. "முதல் 24 மணி நேரத்துல எத்தனை வியூஸ்?" என்பதுதான் போட்டி. அந்தக் கணக்கைக் காசு கொடுத்து விளம்பரம் போட்டு ஏற்றுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியதால், 2019 செப்டம்பரில் யூடியூப் ஒரு முடிவு எடுத்தது. விளம்பரத்தில் வருகிற வியூஸை இனி தன் மியூசிக் சார்ட்டிலும் 24 மணி நேர சாதனைக் கணக்கிலும் சேர்ப்பதில்லை என்று அறிவித்தது. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினாலே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 30 வினாடியில் பல்லவிகூட முடியாது! அப்போ அந்த எண்ணிக்கையை வைத்து யார் கேட்டார்கள், யார் சும்மா ஓட்டினார்கள் என்று எப்படிச் சொல்வது? எங்க ஹீரோ பாட்டு ஒன்றை நான் சவுண்டை மியூட்டில் வைத்துவிட்டு, ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே ஏழு தடவை ஓட்டியிருக்கிறேன். மார்க் என்ன தெரியுமா? 10-க்கு 10! கேட்காமல் போட்ட 2 எவ்வளவு பொய்யோ, கேட்காமல் போட்ட 10-உம் அவ்வளவு பொய்தான்.

மார்க் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மார்க் போடுவது தமிழனுக்குப் புதுசும் இல்லை. 1977-ல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மார்க் போட்டது. அதை எங்க தாத்தா இன்றைக்கும் சொல்லுவார். ஆனால் அந்த மார்க்குக்கு மேலே ஒரு முழு விமர்சனம் இருக்கும். எங்கே நல்லா இருக்கு, எங்கே சறுக்கியது என்று எழுதிவிட்டுத்தான் கடைசியில் எண். அதுக்கும் முன்னாடி, 1930-களில், அதே விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஒருத்தர் கச்சேரி விமர்சனம் எழுதினார். அவர் வேறு யாருமில்லை, கல்கியேதான்! பழைய தஞ்சாவூர் ஜில்லாவில், மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர். கிண்டலும் பண்ணுவார், பாராட்டவும் செய்வார். ஆனால் கச்சேரியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதினார். நம்ம தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் சுருதி பற்றிய ஆராய்ச்சியை 'கருணாமிர்த சாகரம்' என்று 1917-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் புத்தகமாகப் போட்டார். அதே ஊர்க்காரர்கள் நாம. நாலு நெருப்புப் படம் போட்டுவிட்டு விமர்சனம் என்கிறோம்!

"சரிப்பா, ஒரு பெரிய ஹீரோ பாட்டுக்கு நான் 2 போட்டா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், இந்த வருஷம் அந்த விஷயம் நடக்கும் வரைக்கும்.

நம்ம பள்ளியிலேயே ஒருத்தன் தானே மெட்டுப் போட்டு, தானே எழுதி, செல்லிலேயே கீபோர்டு வாசித்து ஒரு பாட்டை யூடியூபில் ஏற்றினான். அவன் அம்மா நடவுக்குப் போவதைப் பற்றின பாட்டு. யார் என்று சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களும் சொல்லாதீர்கள். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதே" என்றான்.

அவன் புரொஃபைலில் ஒரு ஹீரோ படம் இருந்தது. எங்க குரூப்புக்கு ஆகாத ஹீரோ. அவ்வளவுதான்! ஒரே ராத்திரியில் வரிசையாகப் போய், "0/10", "காது வலிக்குது", "டெலிட் பண்ணு". கூடவே ஆளுக்கு ஒரு டிஸ்லைக். அந்த முட்டைகளில் ஒரு முட்டை என்னுடையது. நான் பாட்டைத் திறந்து பத்து வினாடிகூட கேட்கவில்லை.

2021 நவம்பரில் இருந்து யூடியூபில் டிஸ்லைக் எண்ணிக்கை வெளியில் தெரியாது. கும்பலாகச் சேர்ந்து டிஸ்லைக் போடுகிறார்கள், புதுசாக வருகிற சின்ன ஆட்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள் என்று சொல்லித்தான் அதை மறைத்தார்கள். ஆனால் பாட்டை ஏற்றியவருக்கு மட்டும் அந்த எண் தெரியும். அதாவது நாங்கள் போட்ட டிஸ்லைக்கை உலகத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. அவன் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான்.

பாட்டை எடுத்துவிட்டான். பிரேயரில் பாட முன்னாடி வந்து நின்றவன், இப்போ வரிசையில் கடைசியில் நிற்கிறான். போன வாரம் போய் மன்னிப்புக் கேட்டேன். கோபப்படவில்லை. ஒன்று மட்டும் சொன்னான்: "என்ன தப்புன்னு ஒருத்தராவது சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்டா."

அன்றைக்கு வீட்டுக்குப் போனால் அப்பா கொள்முதல் நிலையத்தில் இருந்து திரும்பி வந்திருந்தார். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் எடுப்பார்கள். எங்க நெல் 19 காட்டியதாம். அப்பா முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. மறுநாள் களத்தில் கொட்டி, காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்து, திரும்பக் கொண்டுபோனார். எடுத்துக்கொண்டார்கள். மெஷின் 19 என்று ஒரு காரணம் சொன்னது. அதனால் அவரால் காயவைக்க முடிந்தது. "உன் நெல்லு வேஸ்ட்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் அவர் எதைக் காயவைப்பார்? நாங்கள் அவனுக்குச் சொன்னது அதைத்தான்.

"ரசிகன் என்ன வித்வானா? ராகம் தாளம் தெரிஞ்சாத்தான் பேசணுமா?" என்று ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். தேவையில்லை! எங்க தாத்தாவுக்கு ஒரு ராகம்கூட பேர் தெரியாது. "இன்னொரு தடவை போடச் சொல்லுடா" என்றார் பாருங்கள், அதுதான் நல்ல விமர்சனம். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லலாம். "சத்தத்துல வார்த்தை அமுங்கிப் போச்சு", "சரணம் இழுக்குது", "மேல போகும்போது குரல் நடுங்குது." இதுக்கு எந்தப் படிப்பும் வேண்டாம், காது போதும். பெரிய ஹீரோ பாட்டுக்கும் இதே நியாயம்தான். அதிலும் நமக்குப் பேர் தெரியாத வயலின்காரரும் கோரஸ் பாடியவரும் இருக்கிறார்கள்.

ஆகவே நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் மூன்று:

1. முழுசாகக் கேட்காமல் மார்க் கிடையாது. எங்க ஹீரோவாக இருந்தாலும் சரி.

2. மார்க்குக்குப் பக்கத்தில் ஒரு காரணமாவது எழுதணும். காரணம் வரவில்லை என்றால் மார்க்கும் வேண்டாம்.

3. ஒரு வாரம் கழித்து மறுமதிப்பீடு. மார்க் மாறினால் வெட்கப்படாமல் மாற்றிச் சொல்லணும்.

இதன்படி என் முதல் மறுமதிப்பீடு: பொன்னி நதி, 10-க்கு 8. காரணம், கூட்டத்தில் கேட்கும்போது காலும் கையும் தானாகத் தாளம் போடுது, தாத்தாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் பிடிச்சுது. 2 மார்க் குறைச்சதுக்குக் காரணம், முதல் தடவை கேட்டப்போ சில வார்த்தை எனக்குப் பிடிபடவில்லை. அது என் காதோட தப்பாகவும் இருக்கலாம்.

ரெண்டாவது மறுமதிப்பீடு பாக்கி இருக்கு. அந்த நடவுப் பாட்டை நான் இன்னும் கேட்கவே இல்லை. எடுத்ததைத் திரும்பப் போடு என்று கேட்க எனக்கு உரிமை கிடையாது. ஆனால் நண்பா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். யூடியூபில் வேண்டாம். சாப்பாட்டு மணி அடிச்சதும் வேப்பமரத்தடியில் ஒரு தடவை பாடிக் காட்டு. முட்டை போட்டவர்களில் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்போம். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னும், இல்லைன்னா எங்கே ஈரம் இருக்குன்னும் சொல்லுவோம்.

இது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாளில் எழுதி ஆசிரியர் குழுவிடம் கொடுக்கலாம். "மொக்கை" என்று மட்டும் இந்தத் தாளின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்க வேண்டாம். காரணத்தோட கிறுக்குங்கள்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்
(எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். கையெழுத்து மோசம் என்பது எனக்கே தெரியும்.)